பிள்ளைகளின் மாலைப் பொழுது



காலாண்டுத் தேர்வு முடிந்து, மதிப்பெண் அட்டை வீடு வந்து சேரும் நாள்கள் இவை. "நேரத்தை வீணாக்காதே" என்ற சொல் இந்த வாரம் எத்தனை வீடுகளில் ஒலித்திருக்கும்! நாமெல்லாம் சிறு வயதில் கேட்டது. இப்போது நம் வாயிலிருந்து வருகிறது. ஆனால், வீணாக்காமல் இருப்பது எப்படி என்று பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து யார் சொல்லிக்கொடுத்தது? மிதிவண்டி பழக்கும்போது இருக்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறோம். நேரம் என்று வரும்போது மட்டும் திட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்ட நினைத்த ஒருவரைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்காவிட்டால், அடித்தளத்தோடு வேலை நின்றுவிடும். போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரிப்பார்கள். சீடராவதற்கு என்ன விலை என்பதே அங்கே ஆண்டவர் சொல்ல வந்த பொருள். ஆனாலும் அவர் எடுத்துக்கொண்ட உவமை ஒரு கொத்தனாருக்கும் தெரிந்த பழக்கம்: வேலையைத் தொடங்கும் முன் உட்கார்ந்து அளந்து பார்ப்பது. நம் பிள்ளைகளுக்கு இந்த அளவு தெரிவதில்லை. பெரியவர்களுக்கும் தெரிவதில்லை என்பது வேறு விஷயம்.

1994இல் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்ற மூன்று உளவியல் அறிஞர்கள் கனடாவில் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இறுதியாண்டு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. உண்மையில் ஆனது ஏறக்குறைய 55 நாள். எல்லாமே தவறாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்குச் சொன்ன கணக்கையும் தாண்டித்தான் முடித்தார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்ல, நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான். அளவுதான் தப்பியது.

ஆகவே, கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுவதற்கு முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மூன்று நாள்கள், பள்ளி விட்டு வந்தது முதல் படுக்கும்வரை, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போனது என்று பிள்ளை ஒரு பழைய நோட்டில் எழுதட்டும். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று நீங்கள் கேளுங்கள். "ரெக்கார்டு நோட்டில் படம் வரைய அரை மணி" என்பான். ஒன்றேகால் மணி ஆகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும். இந்த மூன்று நாளும் திட்டக் கூடாது. திட்டினால் பிள்ளை பொய்க் கணக்கு எழுதும், அத்தோடு எல்லாம் போயிற்று. கைப்பேசிக்கு இரண்டு மணி நேரம் போயிருந்தால், அதை அவனே தன் கையெழுத்தில் பார்க்கட்டும்.

அடுத்தது, வேலையை வெட்டிச் சிறிதாக்குவது. "இன்று அறிவியல் படிக்கிறேன்" என்பது வேலையே அல்ல. அதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. "இதயத்தின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்து, புத்தகத்தை மூடிவிட்டு இன்னொரு முறை வரைவேன்" என்றால் அது வேலை. முடிந்ததா இல்லையா என்று தெரியும். 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு படித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓயும் முறை. இன்று உலகமெங்கும் அதைப் பின்பற்றுகிறார்கள். நம் வீட்டுச் சுவர்க் கடிகாரமே இதற்குப் போதும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வுத் தாளை வைத்தே இதைக் கற்றுக்கொடுக்கலாம். சமூக அறிவியலுக்கு 100 மதிப்பெண், எழுத 3 மணி நேரம். வினாத்தாளைப் படிக்க 10 நிமிடமும் விவரங்களை நிரப்ப 5 நிமிடமும் தனியாக உண்டு. சரிபார்க்கக் கடைசி 10 நிமிடத்தை ஒதுக்கினால் மிஞ்சுவது 170 நிமிடம். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு எட்டரை நிமிடம். தெரிந்த வினா என்று ஒன்றுக்கே இருபது நிமிடம் எழுதி, கடைசி இரண்டு வினாவைத் தொடாமல் வந்து அழுகிற பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குப் பாடம் தெரியும். எட்டரை நிமிடம் என்பது கையில் எவ்வளவு எழுதும் நேரம் என்று தெரியாது. வீட்டில் பத்து முறை எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரே இரவில் மூன்று மணி நேரம் மனப்பாடம் செய்வதைவிட, அதே மூன்று மணியை நான்கைந்து நாள்களில் பிரித்துப் படித்தால் மனத்தில் நிற்கும் என்பதை ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885லேயே தம்மை வைத்தே சோதித்து எழுதிவிட்டார். 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. விடிய விடியப் படிக்கிறான் என்று பெருமைப்படும் பெற்றோர் கவனிக்க வேண்டும். புனித பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், வேலைக்கு நேரம், வாசிப்புக்கு நேரம் என்று பிரித்தார். கோடைக்கு ஒரு கணக்கு, குளிர்காலத்துக்கு ஒரு கணக்கு. கோடையில் மதிய உணவுக்குப் பின் படுக்கையில் ஓய்வெடுக்கச் சொன்னார். அப்போது வாசிக்க விரும்புகிறவர் அடுத்தவருக்கு இடைஞ்சல் இல்லாமல் வாசிக்கட்டும் என்பதையும் சேர்த்தே எழுதினார். அந்த அக்கறையைத்தான் நான் வியக்கிறேன்.

ஏனென்றால், நேயர்களே, அட்டவணை போடச் சொல்வது எளிது. யாருடைய நேரம் அவர் கையில் இருக்கிறது? ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும். ஐந்து மணிக்கு இருவரும் பள்ளியிலிருந்து வருகிறார்கள். அவன் முகம் கழுவிப் புத்தகத்தை எடுக்கிறான், அல்லது பந்தை எடுக்கிறான். அவள் குடத்தை எடுக்கிறாள். தண்ணீர் வந்த பின் பாத்திரம், பிறகு தம்பிக்குச் சோறு. எட்டரை மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது தொலைக்காட்சித் தொடர் ஓடுகிறது. அவளிடம் போய், நேரத்தைத் திட்டமிடு மகளே என்று எந்த முகத்தோடு சொல்வது? மூன்று நாள் கணக்கை இருவரும் எழுதட்டும் என்று நான் சொன்னது இதற்காகவும்தான். அந்த இரண்டு தாள்களையும் அப்பா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பெத்தானியா வீட்டில் மரியா ஆண்டவரின் காலடியில் அமர்ந்தார் என்று வாசிக்கிறோம். பக்தியோடு கீழே உட்கார்ந்திருந்தார் என்று மட்டும் அதை எடுத்துக்கொள்கிறோம். யூத வழக்கில் காலடியில் அமர்வது மாணவரின் இடம். பவுல் தாம் கமாலியேலின் காலடியில் கல்வி கற்றதாகத் திருத்தூதர் பணிகள் 22ஆம் அதிகாரத்தில் சொல்வதும் அதே பொருளில்தான். வீட்டு வேலை மலையாய்க் கிடக்கிறது, அக்கா கூப்பிடுகிறார், முறையிடுகிறார். அந்த நேரத்தில் ஒரு பெண் மாணவியின் இடத்தில் உட்கார்ந்திருப்பதை ஆண்டவர் கலைக்க மறுத்தார். மார்த்தாவின் களைப்பும் பொய்யல்ல. அந்த வேலையில் ஒரு கை கொடுக்க வீட்டில் லாசரும் இருந்திருப்பாரே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. லூக்கா அவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

குடத்தை அண்ணனும் தூக்கலாம். ஏழு முதல் எட்டரை வரை தொலைக்காட்சியை நிறுத்தலாம். இடமே இல்லாத ஒற்றை அறை வீடுகளுக்குப் பங்குதான் வழி செய்ய வேண்டும். பெரும்பாலான பங்குகளில் மறைக்கல்வி அறை வாரத்தில் ஆறு நாள் பூட்டியே கிடக்கிறது. மின்விசிறி உண்டு, விளக்கு உண்டு, பெஞ்சுகளும் உண்டு. அரையாண்டுத் தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. மாலை ஆறு முதல் எட்டரை வரை அதைத் திறந்து வைத்து, பெண் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்க்க, நாளுக்கு இரண்டு பேர் வேண்டும். எந்தச் சமயத்துப் பிள்ளையானாலும் வரட்டும். உங்கள் அன்பியத்தின் அடுத்த கூட்டத்தில் யார் எந்தக் கிழமை என்று பெயர் எழுதி, சாவியை யார் வைத்திருப்பது என்பதையும் முடிவுசெய்து பங்குத்தந்தையிடம் கொடுங்கள்.