பல்லைக் காக்கும் துப்பல்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விஞ்ஞானம் பேச வேண்டும், ஆனால் யாரும் தூங்கக்கூடாது என்று செயலாளர் நிபந்தனை போட்டிருக்கிறார். ஆகவே, எல்லார் வாயிலும் உள்ள ஒன்றைப் பற்றியே பேசுகிறேன்.

நம் ஊர்ப் பெயரே கருங்கல். உறுதிக்கு நாம் கல்லைத்தான் காட்டுவோம். நம் உடம்பில் மிகக் கடினமானது எலும்பு அல்ல; பல்லின் மேலுறையான எனாமல். ஆனால் அதில் உயிருள்ள செல் கிடையாது. போனால் போனதுதான், மறுபடி வளராது. வாயின் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் கரையத் தொடங்கிவிடும். இனிப்பு தின்றால் கிருமிகள் அமிலம் சுரக்கின்றன. பிறகு எப்படி இந்தப் பல் அறுபது, எழுபது வருஷம் நிற்கிறது?

நாம் துப்பல் என்று காறித் துப்புகிறோமே, அந்த உமிழ்நீர்தான் காவல். பல்லைச் சுத்தமாகத் துலக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீரின் புரதங்கள் எனாமலில் ஒட்டி ஒரு படலமாகின்றன. பெலிக்கிள் என்பது அதன் பெயர். தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனாலும் அமிலத்தின் வேகத்தைத் தணிக்கும், உராய்வைக் குறைக்கும்.

அதில் ஸ்டாத்தெரின் என்று ஒரு புரதம். 43 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம். உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் தாராளமாக உண்டு. அவை கண்டபடி உறைந்து கல்லாகிவிடாமல் இது தடுக்கிறது. அதனால்தான் பல்லுக்கு வேண்டிய சரக்கு எப்போதும் கைவசம் இருக்கிறது.

இன்னொரு வகை, புரோலின் மிகுந்த புரதங்கள். கொல்லாம்பழம் கடித்தால் வாய் துவர்க்கிறதே, ஏன்? பழத்தின் டானின் இந்தப் புரதங்களைப் பிடித்துத் திரளச் செய்கிறது. வழவழப்பு போய்விடுகிறது.

சோற்றைச் செரிக்கும் அமைலேஸும் இப்படலத்தில் உண்டு. அதன் முப்பரிமாண அமைப்பை 1996-ல் ராமசுப்பு என்ற விஞ்ஞானியும் சகாக்களும் 1.6 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் வெளியிட்டார்கள். அமைலேஸைப் பிடித்துக்கொண்டு சில கிருமிகளும் பல்லில் குடியேறும். காவல்காரனின் தோளிலேயே கள்ளன் ஏறுகிற கதை! ஆகவே, படலம் இருக்கிறதென்று பல் துலக்காமல் இருந்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்தேன். புரிந்துகொண்டது என் அம்மையிடம்.

அம்மைக்கு வெற்றிலையும் புகையிலையும் ஓயாது. அறுபது வயதிலும் பல் ஒன்றுகூட ஆடவில்லை, முறுக்கு கடிப்பார். பிறகு வாயில் புற்று வந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சையில் நோய் அடங்கியது. ஆனால் உமிழ்நீர்ச் சுரப்பிகள் வற்றிவிட்டன. "வாயில துப்பலே இல்ல மக்களே, சோறு எறங்க மாட்டேங்கு" என்பார். ஒரு வருஷத்துக்குள் பற்கள் ஈறோரமாகக் கறுத்து, சொத்தையாகி, ஒவ்வொன்றாய் முறிந்தன. கல் போலிருந்த பல்லை அத்தனை காலம் தாங்கியது கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நான் உயிர்வேதியியல் கற்பித்த ஆசிரியன். இருந்தும், சிகிச்சைக்கு முன்பே பல் மருத்துவரிடம் அழைத்துப்போக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குறை இன்றும் மனதில் கிடக்கிறது.

ஆகவே மாணவச் செல்வங்களே, மூன்று வேண்டுகோள். புகையிலையைத் தொடாதீர்கள். உமிக்கரியை வைத்து அழுத்தித் தேய்க்காதீர்கள். ஃபுளோரைடு பற்பசை போதும். உங்கள் வீட்டில் யாருக்காவது தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு என்றால், தொடங்கும் முன்பே பல் மருத்துவரைப் பார்க்கச் செய்யுங்கள். ஃபுளோரைடு பூச்சும் தொடர்ந்த கவனிப்பும் பல பற்களைக் காப்பாற்றும்.

இனி யாரையாவது 'துப்பலுக்குக்கூட மதிப்பில்லாதவன்' என்று ஏசும்முன் கொஞ்சம் யோசியுங்கள். துப்பலின் மதிப்பு அது வற்றும்போதுதான் தெரியும்.