தம்மைத் தாமே காணும் கல்வி

 

கல்வியைப் பற்றிப் பேசும்பொழுது நாம் பள்ளியையும் ஆசிரியரையும் நூலையும் பற்றிப் பேசுகிறோம். கற்பவர் தம்மைத் தாமே கவனித்துத் திருத்திக்கொள்ளும் வழியைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். அதுபற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம்.

இம்முறை புதிதன்று. செர்மானிய அறிஞர் எபிங்காஸ் தம்மையே ஆய்வுப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தமது மறதியை அளந்தார். 1885-இல் அவர் வெளியிட்ட முடிவு நமக்குப் பாடமாகும். ஒரே நாளில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாட்களில் பகிர்ந்து 38 முறை ஓதியே அவர் பெற்றார். தேர்வுக்கு முதல் நாள் இரவெல்லாம் விழித்துப் படிக்கும் நம் பிள்ளைகள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய துணைவர்களும் பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு முறையை வகுத்தனர். சில மணித்துளிகள் மட்டும் பாடம் நடத்தி, அதன் ஒளிப்பதிவைக் கண்டு, குறையறிந்து, மீண்டும் நடத்துவதே அது. நம் கல்வியியல் கல்லூரிகள் கற்பிக்கும் நுண்ணிலைக் கற்பித்தல் இதன் வழி வந்ததே.

அன்று பெருங்கருவிகள் செய்ததை இன்று கைப்பேசி செய்கிறது. எங்கள் மாலை வகுப்பில் நேர்முகத் தேர்வுக்குப் பயின்ற இளைஞர் ஒருவர் தம் பேச்சைப் பதிவு செய்து பார்த்தார். விடைகள் யாவும் சரியாகவே இருந்தன. ஆனால் தம் தெருவின் பெயரைச் சொல்லுமிடத்தில் குரல் தாழ்ந்து, தலை கவிழ்வதை அவரே கண்டார். ஒருவரும் அதைச் சுட்டவில்லை. ஏழாவது பதிவில் அவர் நிமிர்ந்து சொன்னார். முதற் பதிவை அழிக்க முனைந்தவரை, "வைத்திருங்கள், வந்த தொலைவு தெரியட்டும்" என்றோம்.

கையில் அணியும் கடிகாரக் கருவிகளும் பரவியுள்ளன. அவை அசைவை உணர்ந்து அடிகளை எண்ணுகின்றன. தோலின்மேல் பச்சை ஒளி பாய்ச்சி நாடித் துடிப்பை அறிகின்றன. உறக்கத்தையோ அவை மூளையைக் கண்டு சொல்வதில்லை. அசைவையும் துடிப்பையும் கொண்டு மதிப்பிடுகின்றன. ஆகவே அவை காட்டும் எண்ணை வேதவாக்காகக் கொள்ளலாகாது. எத்தனை மணி உறங்கினோம், மறுநாள் படித்ததில் எவ்வளவு நினைவில் நின்றது என்று ஓர் ஏட்டில் எழுதிவந்தாலே போதும். கருவி வாங்கக் கடன்பட வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பதிவு கற்பவருக்கே உரியது. அவர் இசைவின்றி, குறிப்பாக நம் பெண்பிள்ளைகளின் இசைவின்றி, அதைப் பிறர்க்கு அனுப்புதல் தவறு. பெற்றோரும் கருவியின் எண்களைக் காட்டிப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளலாகாது. பழிக்கு அஞ்சும் பிள்ளை உண்மையைக் குறிக்காது.

தோழர்களே! நெடுங்காலம் பிறர் நம்மை அளந்தனர். அவர்கள் கூறிய அளவை நாமும் நம்பினோம். இனி நம்மை நாமே அளப்போம், வளர்வதற்காக அளப்போம். வரும் ஞாயிறன்று ஐந்து மணித்துளிகள் ஒரு பாடத்தை உரக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், தனித்திருந்து பாருங்கள், ஒரே ஒரு குறையைத் திருத்தி மீண்டும் சொல்லுங்கள். அதுவே தொடக்கம்.