நடிகர் அலெக் கின்னஸ்

களனி கங்கைக் கரையிலுள்ள கித்துல்கல என்னும் ஊரில், 1957ஆம் ஆண்டு பெரியதொரு மரப்பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. யுத்தம் எதுவும் அங்கு நடக்கவில்லை. "த பிரிட்ஜ் ஒன் த றிவர் குவாய்" என்னும் ஆங்கிலத் திரைப்படத்துக்காகக் கட்டப்பட்ட பாலம் அது, அப்படத்துக்காகவே அழிக்கவும்பட்டது. ஜப்பானியரிடம் சிறைப்பட்ட கேணல் நிக்கல்சனாக அதில் நடித்தவர் அலெக் கின்னஸ்.

1914 ஏப்ரல் 2ஆம் நாள் இலண்டனில் பிறந்தவர் அவர். அவருடைய பிறப்புப் பதிவிலே தந்தையின் பெயருக்குரிய இடம் வெறுமையாகவே இருந்தது. இளமையில் விளம்பர வாசகங்கள் எழுதிப் பிழைத்தார். பின்னர் நாடக மேடையை நாடினார். ஜோன் கீல்குட் என்னும் பெருநடிகர் அவருக்குக் கைகொடுத்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் பணிபுரிந்தார்.

போர் முடிந்தபின் திரையுலகம் அவரை வரவேற்றது. 1948இல் வெளிவந்த "ஒலிவர் டுவிஸ்ட்" படத்தில், சிறுவர்களைத் திருட்டுக்குப் பழக்கும் கிழவன் பேகினாகத் தோன்றினார். அப்போது அவருக்கு முப்பத்துநான்கு வயதுதான். மறு ஆண்டு வெளிவந்த "கைன்ட் ஹார்ட்ஸ் அன்ட் கொரோனெட்ஸ்" படத்திலோ ஒரே குடும்பத்தைச் சேர்ந்த எட்டுப் பேராக, ஒரு பெண்மணி உட்பட, அவர் ஒருவரே நடித்தார். தம்மை மறைத்துக்கொள்வதே அவரது கலையாயிற்று.

ஆயினும், கித்துல்கல படத்தில் அவரது சொந்த வாழ்வின் துயரம் ஒன்று வெளிப்பட்டது. அதிகாரிகள் கூலிவேலை செய்யமாட்டார்கள் என்று மறுத்த கேணலை, வெயில் காயும் தகரக் கூண்டில் அடைத்துவிடுகிறார்கள். பல நாட்களுக்குப் பின் வெளியே வரும் அவர், கால்கள் தள்ளாட, நிமிர்ந்தே நடக்க முயல்கிறார். கின்னஸின் மகன் சில ஆண்டுகளுக்கு முன் இளம்பிள்ளைவாதத்தால் கால்கள் செயலிழந்து, மெல்ல மெல்ல நடை பழகித் தேறியவன். அவனுடைய நடையையே கேணலுக்குக் கொடுத்ததாகக் கின்னஸ் பிற்காலத்தில் கூறினார்.

அந்த நடிப்புக்கு 1958இல் ஒஸ்கார் பரிசும், மறு ஆண்டு "சேர்" பட்டமும் கிடைத்தன. 1977இல் "ஸ்டார் வோர்ஸ்" அவரை இளந்தலைமுறைக்கு அறிமுகஞ் செய்தது. 1979இல் பி.பி.சி. தொலைக்காட்சியின் "டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை" தொடரில், ஜோர்ஜ் ஸ்மைலி என்னும் முதிய உளவதிகாரியானார். ஒப்பனையோ மாறுவேடமோ அங்கு அவருக்குத் தேவைப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி அவர் காத்த மௌனமே போதுமாயிருந்தது.

2000 ஆகஸ்ட் 5ஆம் நாள், தமது 86ஆம் வயதில் அவர் காலமானார். தந்தையின் பெயரறியாது வளர்ந்த அவர், ஒரு தந்தையாகத் தாம் கண்ட வேதனையைக் களனிக் கரையில் கலையாக்கிச் சென்றார்.