கையசைவும் விளையாட்டுப் பொறியும்

வீடியோ விளையாட்டு என்றதும் நம் மனக்கண் முன் தோன்றும் காட்சி பெரும்பாலும் ஒன்றேயாகும். தொலைக்காட்சித் திரையின் முன் ஒரு சிறுவன் அமர்ந்திருக்கிறான். அவன் கைகளில் ஒரு கைப்பிடி. அதில் பத்துப் பன்னிரண்டு பொத்தான்கள். திரையிலே வாட்போர் நிகழ்கிறது. மோட்டார் கார் காற்றெனப் பறக்கிறது. அவன் உடம்பிலோ இரு பெருவிரல்களும் சில விரல் நுனிகளுமே அசைகின்றன. விளையாடுவோன் கையை வீசினால் திரையில் உள்ளவனும் கையை வீசும்படி செய்தால் என்ன என்ற எண்ணத்திற் பிறந்ததே அசைவுக் கட்டுப்பாடு என்னும் முறை. 2006ஆம் ஆண்டில் அது பெரும் ஆரவாரத்தோடு உலகெங்கும் பரவியது. ஏழெட்டு ஆண்டுகளில் அந்த ஆரவாரம் அடங்கியும் போயிற்று. வந்து மறையும் வெறும் மோகந்தானா அது, அன்றி நிலைத்து நிற்கும் மாற்றமா என்று அன்று கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். மோகம் என்போரும் மாற்றம் என்போரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை என்பதே என் எண்ணம்.

கார்ப் பந்தய விளையாட்டில் வளைவொன்று வரும்போது, சிறுவன் தன்னை அறியாமலே உடலை ஒரு பக்கம் சாய்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்தச் சாய்வைப் பொறி அறியாது. அது அறிவது பொத்தானை மட்டுமே. உடல் தானாகவே கொடுக்க முன்வரும் இந்த அசைவைப் பொறிக்கு உணர்த்திவிட வேண்டும் என்று நெடுங்காலமாகவே பலர் முயன்றனர். 1989இல் அமெரிக்காவின் மட்டெல் நிறுவனம் கையிலே அணியும் உறையொன்றை விற்பனைக்கு விட்டது. செவிக்கு எட்டாத ஒலியலைகளைக் கொண்டு கை இருக்கும் இடத்தை அறிய முயன்ற கருவி அது. பார்வைக்கு அழகாகவே இருந்தது. ஆனால் சொன்னபடி கேட்கவில்லை. 1993இல் சேகா நிறுவனம் தரையில் விரிக்கும் எண்கோணச் சட்டம் ஒன்றைக் கொணர்ந்தது. அதன் நடுவே நின்று உதைக்கவும் குத்தவும் வேண்டும். அதுவும் எடுபடவில்லை. 2003இல் சோனி நிறுவனம் தொலைக்காட்சியின் மேல் வைக்கும் சிறு கமராவை வெளியிட்டது; அது ஓரளவு நன்றாகவே விற்பனையாயிற்று. ஆகவே, பின்னர் நின்டெண்டோ நிறுவனம் இத்துறையில் இறங்கியபோது, இதுவும் மறையும் என்று சொன்னவர்கள் காரணமின்றிச் சொல்லவில்லை.

நின்டெண்டோ, யப்பானின் கியோத்தோ நகரில் 1889ஆம் ஆண்டு விளையாட்டுச் சீட்டுகள் செய்யும் தொழிலாகத் தொடங்கியது. 2005ஆம் ஆண்டளவில், வீட்டு விளையாட்டுப் பொறி வணிகத்தில் அது சோனிக்கு வெகுதூரம் பின்தங்கி நின்றது. அப்போது அதன் தலைவராயிருந்தவர் சத்தோரு இவாத்தா. வலிமையில் மேம்பட்ட பொறியொன்றைச் செய்து போட்டியிடுவதை விட்டு, இதுவரை விளையாடாதவர்களை விளையாட வைப்பது எங்ஙனம் என்று அவர் சிந்தித்தார். பொத்தான்கள் நிறைந்த கைப்பிடியைக் கண்டதுமே தாயும் பாட்டியும் விலகிச் செல்கின்றனர்; ஆயின், தொலைக்காட்சியை இயக்கும் ரிமோட்டைத் தொட அஞ்சுவார் எவருமில்லை. 2005 செப்டெம்பரில் தோக்கியோக் கண்காட்சியிலே இவாத்தா எடுத்துக் காட்டிய கருவி அத்தகைய ரிமோட் போன்றே இருந்தது. 2006 நவம்பரில் வீ என்ற பெயருடன் அப்பொறி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 250 டொலர். அதே வாரத்தில் வெளிவந்த சோனியின் பிளேஸ்டேஷன் 3 பொறிக்கோ 500 டொலரும் 600 டொலரும் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்த ரிமோட் கையின் அசைவை அறிந்தவாற்றைச் சற்று விளக்குதல் வேண்டும். பிற்காலத்து நன்மை தீமைகள் யாவும் அதிலேயே அடங்கியிருக்கின்றன. ஆர்முடுகலை அளக்கும் சிறு சில்லு ஒன்று அதனுள் உண்டு. மயிரிழையிலும் நுண்ணிய சிலிக்கன் வில்களில் ஒரு சிறு திணிவு தொங்குகிறது. கருவி அசையும்போது அத்திணிவு பின்தங்குகிறது. பின்தங்கும் அளவு மின்மாற்றமாகப் பதிவாகிறது. மோட்டார் கார் மோதும் கணத்தில் காற்றுப்பையை விரியச் செய்யும் உணர்கருவியும் இவ்வினத்ததே. கார்த் தொழிலின் பயனாக இச்சில்லுகளின் விலை வீழ்ந்தமையால்தான் விளையாட்டுப் பொருளிலும் அவற்றை வைக்க முடிந்தது. ரிமோட்டின் நுனியில் ஒரு கமராவும் உண்டு. தொலைக்காட்சிக்கு அருகே வைக்கும் நீண்ட பட்டை ஏதோ பெரிய உணர்கருவி என்று பலரும் எண்ணினர். உண்மையில் அது ஒன்றையும் உணர்வதில்லை. இரு முனைகளிலிருந்தும் கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக் கீழ்க்கதிரை வீசுவது மட்டுமே அதன் தொழில். உணர்வது கையிலுள்ள ரிமோட். பட்டைக்குப் பதிலாக இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்து விளையாடிக் காட்டியவர்களும் இருந்தார்கள்!

வெற்றி நாம் கற்பனை செய்ய முடியாத அளவினது. பத்துக் கோடிக்கு மேற்பட்ட வீ பொறிகள் விற்பனையாயின. யப்பானும் தென் கொரியாவும் தவிர்ந்த ஏனைய நாடுகளில், வீ ஸ்போர்ட்ஸ் என்னும் விளையாட்டுத் தொகுதி பொறியோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. டென்னிஸ், கோல்ஃப், குத்துச்சண்டை, பேஸ்போல் ஆகியவற்றோடு, நிறுத்தி வைத்த கட்டைகளைப் பந்தை உருட்டி வீழ்த்தும் பௌலிங் விளையாட்டும் அதில் இருந்தது. அமெரிக்காவின் முதியோர் இல்லங்களில் இந்தப் பௌலிங் பெருவழக்காயிற்று. மெய்யான பந்தின் பாரத்தைத் தூக்க இயலாத முதியோர், நாற்காலியில் அமர்ந்தவாறே கையை முன்னும் பின்னும் வீசிப் பந்தை உருட்டினர். இல்லத்துக்கு இல்லம் போட்டிகளும் நடத்தினர். மருத்துவர்கள், பாரிசவாதத்தால் தளர்ந்த கைகளுக்குப் பயிற்சி கொடுக்கவும் இதைப் பயன்படுத்தினர்.

வேகத்தில் கை வழுக்கி ரிமோட்டைத் தொலைக்காட்சியிலேயே எறிந்தவர்கள் பற்றிய செய்திகளும் வந்தன. 2006 டிசம்பரில் நின்டெண்டோ, மணிக்கட்டில் மாட்டும் மெல்லிய வாருக்குப் பதிலாகத் தடித்த வார் தருவதாக அறிவித்தது. ஏறத்தாழ 32 இலட்சம் வார்கள் மாற்றத்துக்கு உரியனவாயின. நகைப்புக்கு இடமான செய்தி என்றாலும், மக்கள் மெய்யாகவே பந்தை அடிப்பதாக நம்பித் தம் முழு வலிமையையும் செலுத்தினர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறு வேண்டுமோ?

ஆயின், அந்நம்பிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை. ஆர்முடுகலை மட்டும் அறியும் சில்லு, கை எவ்வளவு தூரம் சென்றது, எப்பக்கம் சுழன்றது என்பவற்றைச் சரிவர அறியாது. தோளோடு சேர்த்து வீசிய வீச்சும், சாய்கதிரையில் கிடந்தபடி மணிக்கட்டைச் சுண்டிய சுண்டலும் அதற்கு ஒன்றே. இதைச் சிறுவர்கள் முதல் வாரத்திலேயே கண்டுகொண்டனர். சுண்டினால் போதும் என்று தெரிந்தபின் வீசுவார் யார்? வேறு நிறுவனங்கள் அவசர அவசரமாகச் செய்த விளையாட்டுகளிலோ நிலைமை இன்னும் மோசம். முன்பு ஒரு பொத்தானை அழுத்திச் செய்த செயலுக்கு இப்போது ரிமோட்டைக் குலுக்க வேண்டும், அவ்வளவே புதுமை. குலுக்கல் பொத்தானைவிடத் தாமதமானது, பிழை மிகுந்தது, கையையும் வலிக்கச் செய்வது. 2009இல் சுழற்சியை உணரும் துணைக்கருவி வந்து இக்குறையைப் பெரிதும் நீக்கியது. அதற்குள் குலுக்கல் என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

கருவி திருந்தினாலும் திருந்தாத குறை ஒன்று உண்டு. மெய்யான மட்டையால் பந்தை அடிக்கும்போது பந்து மட்டையைத் திருப்பி அடிக்கிறது. வாளோடு வாள் மோதினால் கை அதிர்கிறது. வெறும் காற்றிலே வீசும் கைக்கோ எதிர்த்து நிற்க ஒன்றுமில்லை. திரையில் உள்ளவனின் வாள் எதிரியின் கேடயத்தில் பட்டு நிற்கும். விளையாடுவோனின் கை நில்லாது மேலே செல்லும். கண் ஒன்று சொல்ல, தசை மற்றொன்று சொல்லும். தந்தியில்லாத வீணையில் விரலோட்டுவது போன்ற நிலை அது.

2010 நவம்பரில் மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட கினெக்ட், கைப்பிடியையே ஒழித்துவிட்டது. கதிர்ப் புள்ளிகளை அறையெங்கும் தூவி, உடலின் ஒவ்வொரு மூட்டும் எங்கே இருக்கிறதென அது கணித்தது. முதல் அறுபது நாட்களில் 80 இலட்சம் விற்பனையாகி உலக சாதனையும் படைத்தது. பிடிக்க ஒன்றுமில்லாத கைக்கு எதிர்ப்பு இன்னும் குறைவு என்பதோடு, திரைக்கும் ஆளுக்கும் இடையே ஆறடி வெற்றிடமும் தேவைப்பட்டது. 2013இல் தன் புதிய பொறியோடு கினெக்டை வலிந்து சேர்த்து 500 டொலருக்கு விற்ற மைக்ரோசொப்ட், சோனியின் 400 டொலர்ப் பொறிக்கு முன் தளர்ந்து, அடுத்த ஆண்டே அதை நீக்கி விலையைக் குறைத்தது. 2017இல் கினெக்ட் உற்பத்தியே நின்றது.

இவ்வளவும் கேட்டபின், மோகந்தான் என்று தீர்ப்புக் கூறத் தோன்றும். நிற்க. இன்று விற்பனையாகும் நின்டெண்டோவின் கைப்பிடியிலும் சோனியின் கைப்பிடியிலும் சுழற்சியை உணரும் சில்லு இருக்கிறது. பெரும் வீச்சுக்கு அன்று, குறி பார்ப்பதற்கு. 2015இல் வந்த ஸ்பிளாட்டூன் விளையாட்டில், பெருவிரலால் ஏறத்தாழக் குறிவைத்துவிட்டு, கைப்பிடியைச் சிறிதே சாய்த்துக் குறியைச் செம்மைப்படுத்தலாம். பெருவிரலால் இயலாத நுட்பத்தை மணிக்கட்டு செய்கிறது. கண்களை மூடி அணியும் மெய்நிகர் காட்சிக் கருவிகளிலோ கையசைவுக்கு மாற்றே இல்லை எனலாம். அங்கே சுற்றிலும் வேறோர் உலகம் தெரிகிறது. பொருளை எடுக்கக் கையை நீட்டுவதே இயல்பு. 2010இல் சோனி வெளியிட்டு, மெல்ல மெல்ல மறந்துவிட்ட ஒளிரும் பந்து பொருத்திய கோல்கள், 2016இல் அந்நிறுவனத்தின் மெய்நிகர்க் கருவி வந்தபோது மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டன! பொத்தானுக்கு வேடம் போட்ட அசைவு மறைந்தது. பொத்தானால் செய்ய முடியாததைச் செய்த அசைவு நிலைத்தது.

இனி, இவ்வினாவில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் பகுதிக்கு வருகிறேன். 2012இல் வெளிவந்த வீ யூ என்னும் அடுத்த பொறி, திரையும் பொத்தான்களும் நிறைந்த பெரிய கைப்பிடியோடு வந்தது. அது 1 கோடியே 35 இலட்சம் அளவே விற்பனையாயிற்று. வீ வாங்கிய பத்துக் கோடிப் பேர் எங்கே என்று வணிக உலகம் கேட்டது. அவர்கள் நிலையற்றவர்கள், புதுமை கண்டு வந்து புதுமை தீர்ந்ததும் போய்விட்டவர்கள் என்று விடையும் கூறிக்கொண்டது. இவ்விடையை நான் ஏற்கவில்லை. முதியோர் இல்லத்தில் வாரந்தோறும் பௌலிங் ஆடும் எண்பது வயது மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு விளையாட்டு. அது அவளிடம் இருக்கிறது. இரண்டாவது பொறி அவளுக்கு எதற்கு? சதுரங்கப் பலகை ஒன்றை வாங்கியவன் ஆண்டுதோறும் புதுப் பலகை வாங்கவில்லை என்பதற்காக, சதுரங்கம் ஒரு மோகம் என்று எவரும் சொல்வதில்லை. கடைக்குத் திரும்பி வராதவர்களை வணிகர் தம் கணக்கிலிருந்து நீக்கினர். அதன்பின் அவர்களுக்கென விளையாட்டுச் செய்வாரும் அருகினர். முதன்முறையாகத் திறந்த ஒரு வாசல் பாதி மூடிற்று. இழப்பு என்று ஒன்று உண்டாயின் அது இதுவே.

வாசல் முழுவதும் மூடிவிடவில்லை. 2019இல் நின்டெண்டோ, ஸ்விச் பொறிக்கென ரிங் ஃபிட் என்னும் உடற்பயிற்சி விளையாட்டை வெளியிட்டது. அதிலே கையிற் பிடிப்பது வளைந்து கொடுக்கும் ஒரு வளையம். அழுத்தினால் அது எதிர்த்துத் தள்ளுகிறது. வெறுங்காற்றில் இல்லாத எதிர்ப்பு அங்கே கைக்குக் கிடைக்கிறது. அது 1 கோடியே 50 இலட்சத்துக்கு மேல் விற்பனையானது. அசைவின்றி ஆடவே முடியாததாக 2011இல் வந்த ஸெல்டா வாட்போர் விளையாட்டை, 2021இல் மறுபதிப்பாக வெளியிட்டபோதோ, அசைவு வேண்டாதார் பொத்தான்களாலும் குச்சியாலும் ஆடலாம் என்று ஏற்பாடு செய்தனர். விரும்புவோர் வீசலாம், கை நோவுடையோரும் இடமில்லாதோரும் அமர்ந்து ஆடலாம். இந்த ஏற்பாடு முதலிலேயே இருந்திருக்க வேண்டும் என்பேன்.

2022 ஏப்ரலில் ஸ்விச் பொறிக்கும் ஒரு விளையாட்டுத் தொகுதி வந்தது. பழைய டென்னிஸும் பௌலிங்கும் அதில் மீண்டும் இடம்பெற்றன. அதுவும் ஒரு கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. ஆடத் தொடங்குமுன், மணிக்கட்டில் வாரை இறுக மாட்டிக்கொள்ளுங்கள் என்ற அறிவித்தல் இன்றும் திரையிலே தோன்றுகிறது.