பதிவேட்டில் பெயர் இருந்தால் பிரசவத்துக்குச் சம்பளம்



மகப்பேறு விடுப்பு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த அரங்கில் பட்டாசு ஆலை நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். அந்த ஆலைகளுக்குக் கணக்கு எழுதுபவர்களும் இருக்கிறீர்கள். அதனால் நம்ம ஊர் ஆலைக்குள் வைத்தே இந்தச் சட்டத்தைப் பார்ப்போம்.

தமிழக அரசின் பெண் ஊழியருக்கு 2021 ஜூலை முதல் இரண்டு குழந்தை வரைக்கும் 12 மாத விடுப்பு. இது எல்லாருக்கும் தெரியும். சிவகாசியில் பீஸ் ரேட்டுக்குச் சரம் பின்னுகிற பெண்ணுக்கு? "அவங்களுக்கு ஏதுங்க லீவு, வந்தா கூலி, வராட்டி இல்லை" என்பதுதான் பொதுவான பதில். அந்தப் பதில் தவறு.

சென்னை மாகாணத்தில் 1934-லேயே மகப்பேறு உதவிச் சட்டம் வந்துவிட்டது. 1961-ல் நாடு முழுமைக்கும் வந்த சட்டம் 12 வாரம் தந்தது. 2017-ல் அது முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரமாக உயர்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 26 வாரம் மாறவில்லை.

தகுதி என்ன? பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை. "எங்க ஆலையில தீபாவளி முடிஞ்சா வேலை இல்லை, மழை பெய்தா வேலை இல்லை, 80 நாள் எப்படித் தேறும்?" என்று கேட்கலாம். வேலை தராமல் நிறுத்தி வைத்த லே-ஆஃப் நாட்களும், சம்பளத்தோடு கூடிய சட்டப்படியான விடுமுறைகளும் அந்த 80-க்குள் சேரும். 2018 அக்டோபர் 23 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததே, அந்த மாதிரிக் காலத்தில்தான் இந்த விதியின் அருமை தெரியும்.

தினக்கூலி என்பதும் தடையில்லை. டெல்லி மாநகராட்சியின் மஸ்டர் ரோல் பெண்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ல் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கு முன்பே, 1977-ல், கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கில், வாரம் என்றால் ஞாயிறும் சேர்த்து ஏழு நாள் என்று தீர்ப்பானது. நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 26 வாரத்துக்கு 182 நாள், 91,000 ரூபாய். ஞாயிறைக் கழித்தால் 13,000 ரூபாய் குறைந்துவிடும்.

"இவ்வளவு பணத்துக்கு முதலாளி எங்கே போவார்?" நியாயமான கேள்வி. இ.எஸ்.ஐ. இருப்பதே இதற்குத்தான். முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டினால், தகுதியான நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்ட பெண்ணின் 26 வாரச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. கழகமே தந்துவிடும். சந்தா கட்டாமல் விட்ட இடத்தில்தான் சிக்கலே வருகிறது.

அந்தச் சிக்கலின் வேர் உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில், வேலை வாங்குவது இன்னொருவர். சனிக்கிழமை கூலி கைக்கு வரும், பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அந்தப் பெண் ஆறு வருஷம் வேலை பார்த்திருந்தாலும் காகிதத்தில் ஒரு நாள்கூட வேலை பார்க்கவில்லை. 80 நாளை எதைக் காட்டி நிரூபிப்பாள்? பச்சை உடம்போடு அவள் சீக்கிரமே ஆலைக்குத் திரும்புவதற்குக் காரணம் இதுதான். பிரசவம் முடிந்து ஆறு வாரம் வரை அவளை வேலைக்கு வைப்பதே குற்றம் என்பது பலருக்குத் தெரியாது.

தகப்பன்மார் விஷயம் சுருக்கமானது. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. தனியார் ஆலையில் வேலை பார்ப்பவருக்குச் சட்டப்படி ஒரு நாளும் கிடையாது. மனைவிக்குத் துணையாக நின்றால் அன்றையக் கூலி போச்சு. அந்த வீட்டில் பெண்ணின் 26 வாரச் சம்பளம் எவ்வளவு பெரிய ஆதாரம் என்று யோசித்துப் பாருங்கள்.

கணக்கு எழுதும் நண்பர்களே, சட்டம் படித்த வக்கீலைவிட இந்த விஷயத்தில் உங்கள் பேனாவுக்குத்தான் பலம் அதிகம். பெண் வேலைக்கு வந்த முதல் நாளே பெயரை ஏற்றுங்கள். இ.எஸ்.ஐ. எண்ணை அவள் கையில் கொடுங்கள். குத்தகைக்காரர் கொண்டுவரும் ஆட்களின் பெயரையும் கேட்டு வாங்குங்கள். ஒரு வரி எழுத ஒரு நிமிஷம் ஆகாது. அந்த ஒரு வரியில் ஒரு தாய்க்கு ஆறு மாதச் சோறு இருக்கிறது.