வினாவும் பெயரும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'எளியோரும் மேடையும்' என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. இதனை ஒரு மனிதரின் கதை கொண்டு விளக்க விரும்புகின்றேன். அவர் தமிழரல்லர்; கவிஞருமல்லர். அமெரிக்க நாட்டின் ஓஹியோ மாநிலத்தில், டொலிடோ நகரை அடுத்து வாழ்ந்த குழாய்ப் பணியாளர்.

2008ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள். அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்ற பராக் ஒபாமா அவர் குடியிருந்த தெருவிற்கு வாக்குக் கேட்டு வந்தார். 'ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் வருவாய் தரும் தொழிலொன்றை வாங்க எண்ணியுள்ளேன். உங்கள் திட்டத்தால் என் வரி உயருமல்லவா?' என்பது அவர் வினாவின் பொருள். ஒபாமா நின்று, நெடிது விளக்கினார். செல்வம் பலரிடமும் பரவுதல் எல்லார்க்கும் நன்று என்னும் கருத்தும் அவ்விடையில் இருந்தது.

மூன்று நாள் கழித்து இறுதி விவாத மேடை. குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெயின் 'பிளம்பர் ஜோ' என்று அவரை விளித்துப் பேசினார். இரு வேட்பாளரும் அப்பெயரை இருபது முறைக்கு மேல் எடுத்தாண்டனர்.

மறுநாள் அவர் வாயிலில் செய்தியாளர் குழுமினர். அவரிடம் குழாய்ப் பணிக்கான உரிமம் இல்லை, ஏறத்தாழ 1,200 டாலர் வரி நிலுவை உண்டு, ஜோ என்பது நடுப்பெயரே என்றெல்லாம் செய்திகள் வந்தன. மாநில அரசு அலுவலர் சிலர் அரசுப் பதிவேடுகளிலும் அவரைப் பற்றித் தேடினர். அத்தேடல் முறையற்றதென விசாரணையில் தெரிந்தது. துறைத் தலைவர் ஒருவர் பதவி விலகினார்.

மற்றொரு காட்சி. அக்டோபர் 30 அன்று டிஃபையன்ஸ் என்னும் ஊரில், 'ஜோ, எங்கே இருக்கிறீர்கள்?' என்று மேடையிலிருந்து மெக்கெயின் அழைத்தார். அவர் வரவில்லை. உடனே மெக்கெயின், கூடியிருந்தோர் அனைவரையும் பிளம்பர் ஜோ என்றே கூறி எழச் செய்தார். ஆள் இல்லாமலே பெயர் தன் பணியைச் செய்து முடித்தது!

வினா என்னவாயிற்று? ஒரு தொழிலின் மொத்த வரவு வேறு, செலவு போக எஞ்சும் வருவாய் வேறு. வரம்பைக் கடந்த பகுதிக்கே கூடுதல் வரி. இவற்றைத் தெளிவுபடுத்தியிருந்தால் அவ்வினா நாட்டிற்கே பயன்பட்டிருக்கும். ஒரு சாரார் அவரைப் போற்றினர். மறு சாரார் அவரைத் துருவினர். வினா தெருவிலேயே நின்றுவிட்டது.

அவரும் அப்பெயரை ஏற்றுக்கொண்டார் என்பதை மறைத்தலாகாது. நூல் வெளியிட்டார், 2012இல் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். ஆயினும் மெக்கெயின் தம்மைப் பயன்படுத்திக்கொண்டார் என 2010இலேயே வருந்தியவர் அவர். 2023 ஆகஸ்டில், 49ஆம் அகவையில் மறைந்தபோதும் இரங்கற் செய்திகள் அப்பெயரையே தாங்கி வந்தன.

கவிஞர்களே! அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என விதித்தவர் தொல்காப்பியர். வேலில் சூடிய வேம்பு பாண்டியனைச் சுட்டியதால் நெடுநல்வாடையைப் புறமெனக் கொண்ட உரைமரபையும் அறிவோம். பெயர் சுட்டப்பட்ட அளவில் ஒருவரது அகவாழ்வு ஊரறியும் பொருளாகிவிடும் என்னும் நுண்ணுணர்வை அவ்விதியில் நான் காண்கின்றேன்.

நானும் தவறியவளே. எங்கள் கல்லூரி வாயிலில் பூ விற்கும் அம்மையாரைப் பெயர் சொல்லிப் பாடி, இவ்வரங்கில் கைத்தட்டல் பெற்றேன். அதனை அவரிடம் மகிழ்வோடு கூறியபோது, "வெயிலுக்கு ஒரு கூரை வேணும்னு சொன்னேனே, அது அதுல வருதாம்மா?" என்று கேட்டார். வரவில்லை. அவர் முகத்தின் சுருக்கங்களைப் பாடிய நான் அவர் கேட்டதை விட்டுவிட்டேன்.

எளியோரைப் பாடுவோம். பாடுமுன் அவர் கேட்டது என்னவென்று செவிமடுப்போம். வரும் பத்தாண்டில் இவ்வட்டத்தின் பாடல்களில் அவர்தம் வினாக்கள் சிதையாமல் ஒலிக்கட்டும்.