ஓடுற தண்ணியில அலசணும்



நான் கண்ணமங்கலத்துக்காரன். அப்பா பட்டு நெசவாளர். "சாயம் போட்ட நூலைத் தொட்டியில அலசினா தண்ணிதான் கலங்கும், ஓடுற தண்ணியில அலசணும்" என்பார். நான் வடிவமைக்கும் என்டோஸ்கோப்பிலும் அதே கதைதான்.

புராஸ்டேட் சதையைச் சிறுநீர்ப் பாதை வழியே சீவி எடுக்கும்போது, ரத்தம் கலந்து பார்வை மறையும். பழைய கருவியில் அடிக்கடி நிறுத்தி நீரை வடிக்க வேண்டும். 1975-இல் டாக்டர் இக்லேசியாஸ் வெளியிட்ட கருவியில் ஒன்றுக்குள் ஒன்றாக இரு குழல்கள். உள்குழலில் நீர் வரும். வெளிக்குழலின் துளைகள் வழியே வெளியேறும்.

என் முதல் வரைபடத்தில் அந்தத் துளைகளைச் சிறிதாக்கிவிட்டேன். சோதனை மேசையில் அழுத்தம் ஏறியது. நோயாளியாக இருந்தால், நீர் ரத்தத்தில் கலந்து சோடியம் குறைந்து, உயிருக்கே ஆபத்து.

போன வருஷம் அதே ஆபரேஷனுக்கு அப்பாவே படுத்தார். வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு அந்தத் துளைகள்தான் ஞாபகம். நல்லபடியாக முடிந்தது.

தம்பி தங்கைகளே, வெளியேறும் வழியை முதலில் வரையுங்கள்.